சின்னக் காரின் சத்தம்: வண்டலூர் ஹெரால்டு முதல் ஒரகடம் வரை



கேளம்பாக்கம் தொடங்கி மாமல்லபுரம் வரை, நம் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டு வாசலில் பதினைந்து, இருபது வயதான சின்னக் கார் ஒன்று நிற்பது சகஜம். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கோயில், ஆஸ்பத்திரி, மார்க்கெட், மாதம் ஒருமுறை பேங்க் என்று அதன் ஓட்டம் முடிந்துவிடும். அந்த வண்டியில் ஒருநாள் புதிதாக ஒரு சத்தம் கேட்கும், ஸ்டீயரிங் நடுங்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒருவர் "இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்கணும்" என்பார். இன்னொருவர் "ஒண்ணுமில்ல, ஓட்டுங்க" என்பார். யார் சொல்வது சரி என்று தெரியாமல் பென்ஷன் பணத்தில் ஒரு பெரிய தொகை போய்விடும். அல்லது வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

நான் மெக்கானிக் அல்ல. அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்துக் காலம் கழித்த குமாஸ்தா. பழைய குறிப்பைப் புரட்டிப் பார்க்காமல் புதிய குறிப்பு எழுதக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். காரின் சத்தத்துக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். எந்தக் காலத்துக் கார் எப்படி ஓடியது, அதன் இயல்பான சத்தம் என்ன என்று தெரிந்தால், எது நோய் என்பது பாதி விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன். அது நம் ஊர்ப் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது.

வண்டலூர்ப் பக்கத்துக் கார்

1948-இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். திருப்போரூரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் போனால் ஜி.எஸ்.டி. சாலையைத் தொடுகிறோமே, அந்த வட்டாரம்தான். 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. இங்கிலாந்தில் 1959-இல் டிரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் அது. உடலை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்.

அன்றைக்கு நம் சாலைகளில் முக்கியமாக இருந்தவை மூன்று ரகம். அம்பாசிடரின் இன்ஜின் 1,489 சிசி, ஃபியட்டினுடையது 1,089 சிசி, ஹெரால்டினுடையது 948 சிசி. மூன்றில் சின்னது நம் வண்டலூர்க் கார். அதன் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். இன்ஜின் இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே தேடிப் பிடிக்கலாம். இந்த வசதி மற்ற இரண்டு கார்களிலும் கிடையாது.

ஹெரால்டு தனக்கென்று ஒரு சத்தமும் வைத்திருந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி அச்சு அமைக்கப்பட்டிருந்தது. அதற்காக ஒவ்வொரு பக்கத்துத் தண்டிலும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. அது தேய்ந்துவிட்டால், கியர் போட்டு கிளட்சை விடும் கணத்தில் பின்னால் 'டொக்' என்று ஒரு தட்டு கேட்கும். இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இந்த அச்சு இந்திய வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் வழக்கமான ஒற்றை அச்சையே வைத்தார்கள். இன்ஜின் மட்டும் அதே 948 சிசி. 1977-இல் அந்தக் கார் உற்பத்தியும் நின்றது.

டாக்டரின் குழாயும் மெக்கானிக்கின் கம்பும்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் விஞ்ஞானிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லித்தருவார்கள். அவர்களில் ஒருவர் ரெனே லாயென்னெக் என்ற டாக்டர். 1816-இல் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரியில், ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேராகக் காது வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி அதன் வழியே இதயத்துடிப்பைக் கேட்டார். நேராகக் கேட்டதைவிடத் தெளிவாகவே கேட்டது. பிறகு மரத்தில் ஒரு குழாய் செய்துகொண்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை இதுதான். 1819-இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமும் எழுதினார்.

அவர் செய்த பெரிய காரியம் குழாய் மட்டுமல்ல. உயிரோடு இருக்கும்போது கேட்ட சத்தத்தைக் குறித்து வைத்து, நோயாளி இறந்தபின் உடலைத் திறந்து பார்த்து, இந்தச் சத்தத்துக்கு இந்தக் கோளாறு என்று வரிசைப்படுத்தினார். நம் பழைய மெக்கானிக்குகள் செய்ததும் இதேதான். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். சிலர் மரக்கம்பு வைத்திருப்பார்கள். பிறகு இன்ஜினைப் பிரிக்கும்போது, கேட்டது சரியா என்று பார்த்துக்கொள்வார்கள். இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்ததுதான் அவர்களுடைய படிப்பு.

அவர்கள் பிரித்துவைத்த சத்தங்களில் முக்கியமான சிலவற்றைச் சொல்கிறேன்.

லேசான 'டிக் டிக்', தையல் மிஷின் ஓடுவதுபோல், இன்ஜினின் மேல்பகுதியிலிருந்து வந்தால் அது டேப்பட். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே டேப்பட் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளை வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் தீர்ந்தது. செலவும் அதிகம் இல்லை.

கீழே ஆயில் தொட்டிப் பக்கமிருந்து கனமான 'டொம் டொம்' என்று வந்து, மேடு ஏறும்போது கூடினால் அது பேரிங். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பிரெஞ்சில் 'கூலே உய்ன் பியெல்' என்று ஒரு பேச்சு உண்டு. கனெக்டிங் ராடின் பேரிங்கை உருக்கிவிடுவது என்று பொருள். அந்தக்காலப் பேரிங்குகளில் வெள்ளை உலோகப் பூச்சு இருந்தது. ஆயில் போகாவிட்டால் அது உண்மையிலேயே உருகி ஓடிவிடும். இந்தச் சத்தத்தோடு டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், வீடு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

காலையில் குளிர்ந்த இன்ஜினில் 'தட தட' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் தேய்மானம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் சத்தம் அடங்குகிறது. இதோடு பல காலம் ஓட்டலாம். ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

மேடு ஏறும்போதோ ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதோ சில்லறை குலுக்கியதுபோல் 'கிலுகிலு' என்று வந்தால் பிங்கிங். பிரெஞ்சில் 'கிளிக்தி' என்பார்கள். சத்தத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். பெட்ரோல் ஒழுங்காக எரிந்து பரவாமல், ஒரு பகுதி தானாகவே வெடிப்பதால் வருவது இது. 1921-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்தால் இந்தச் சத்தம் அடங்கும் என்று கண்டுபிடித்தார். அதனால் காற்றில் கலந்த ஈயம் உலகமெங்கும் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. ஒரு சத்தத்தை அடக்க மனிதகுலம் கொடுத்த விலை அது. இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோலுக்கு மாறியது 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான்.

ரப்பர் வந்த கதை

இதுவரை சொன்னது சத்தம். நடுக்கத்தின் கதை வேறு.

ஆரம்பகாலக் கார்களில் இன்ஜினைச் சட்டத்தோடு நேராகப் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். இன்ஜினின் ஒவ்வொரு அசைவும் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு வந்துசேரும். 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன்னுடைய பிளிமத் காரில் ஒரு புதுமை செய்தது. இன்ஜின் இயல்பாக எந்த அச்சைச் சுற்றி ஆடுமோ, அதற்கேற்ற இடங்களில் ரப்பர் வைத்து அதன்மேல் இன்ஜினை உட்காரவைத்தது. பிரான்ஸின் சிட்ரோயென் நிறுவனம் அதற்கு உரிமம் வாங்கி, 1932-இல் 'மொத்தெர் ஃப்ளோத்தான்', அதாவது மிதக்கும் இன்ஜின் என்று விளம்பரம் செய்தது. தண்ணீரில் மிதக்கும் அன்னத்தை அதற்குச் சின்னமாக வைத்தது.

இந்த வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இன்ஜின் அன்றும் இன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆட்டம் நம்மிடம் வராமல் தடுப்பது ரப்பர். ரப்பருக்கோ ஆயுள் குறைவு. சூட்டிலும் ஆயில் பட்டும் பத்துப் பதினைந்து வருஷத்தில் இறுகிக் கல்லாகிவிடும், அல்லது கிழிந்துவிடும். அப்போது இன்ஜின் நன்றாக இருக்கும்போதே கார் நடுங்கும்.

மூன்று சிலிண்டரின் இயல்பு

1983 டிசம்பர் 14-ஆம் தேதி, டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர ஓட்டம். 2014 ஜனவரி வரை முப்பது வருஷம் அது தயாரானது. நம்மில் பலருக்கு வாழ்க்கையின் முதல் காரும் அதுதான்.

அதுவரை நம் காது பழகியது நான்கு சிலிண்டருக்கு. நான்கு சிலிண்டரில் கிராங்கின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 900 சுற்று என்று ஐடிலில் ஓடினால் விநாடிக்கு 30 வெடிப்பு. மூன்று சிலிண்டரில் அதே வேகத்தில் 22 அல்லது 23 வெடிப்புதான். இடைவெளி அதிகம் என்பதால் ஐடிலில் கொஞ்சம் குலுங்கும். தவிர, மூன்று சிலிண்டர் வரிசையாக நிற்கும்போது இன்ஜின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தராசுபோல் ஆடும் குணமும் உண்டு. வேகம் எடுத்ததும் இது தெரியாது. ஆக, சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டர் கார் லேசாக நடுங்கினால் அது நோய் அல்ல, பிறவிக் குணம்.

ஆனால் நேற்று வரை இல்லாத நடுக்கம் இன்று வந்தால் பார்க்க வேண்டும். முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் போவது. நம் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பார்கள். நான்கில் ஒன்று போனால் கால்பங்கு பலம் போகும். மூன்றில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வண்டி இழுக்காது, புகைக்குழாயில் ஒரே சீராக வரும் சத்தம் தாளம் தப்பும். பிளக், பிளக் வயர், பெட்ரோல் வரத்து இவற்றைப் பார்க்க வேண்டும். மற்றொன்று, மேலே சொன்ன ரப்பர் மவுன்டிங். இதில் இழுவை குறையாது. ஐடிலில் நடுங்கும், ஏ.சி. போட்டால் கூடும், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அடங்கும், கிளட்சை விடும்போது 'டக்' என்று இடிக்கும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வரும் நஷ்டம் பெரியது. என்னிடம் இருந்த பழைய மூன்று சிலிண்டர் கார் ஒருமுறை இப்படி நடுங்கியது. ஒரு பட்டறையில் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, வண்டியின் விலையில் பாதிக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டு சாலையில் சின்னக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் காட்டினேன். சத்தத்தை நான் வாயால் செய்து காட்டத் தொடங்கியதும் அவர் கையமர்த்தினார்.

"சத்தத்தை விடுங்க சார். அது எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். பானெட்டைத் திறந்து, என்னை ஏ.சி. போடச் சொல்லி, இன்ஜின் ஆடுவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மவுன்டிங் கிழிந்திருந்தது. மதியத்துக்குள் புதிது போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அந்த வண்டி என்னிடம் ஏழு வருஷம் ஓடியது, இன்ஜினைத் திறக்காமலே.

எப்போது வருகிறது?

பாய் கேட்ட அந்தக் கேள்விதான் எல்லாக் காலத்துக் காருக்கும் பொதுவானது. சத்தத்துக்குப் பெயர் வைப்பது மெக்கானிக்கின் வேலை. அது எப்போது வருகிறது என்று கவனிப்பது ஓட்டுகிறவர் மட்டுமே செய்யக்கூடியது. அதை வீட்டு வாசலிலேயே பெரும்பாலும் சோதித்துவிடலாம்.

முதலில், வண்டியை நிறுத்திவைத்து நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். சத்தம் வந்தால், இன்ஜினிலோ அதோடு சுற்றும் பாகங்களிலோ இருக்கிறது. வராமல், ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், பேரிங், டயர், அச்சு இவற்றைச் சந்தேகிக்கலாம். ஆனால் பளு ஏறினால் மட்டும் வரும் பிங்கிங்கும் சில பேரிங் சத்தங்களும் வாசலில் பிடிபடாது.

இரண்டாவது, நின்றபடியே கிளட்சை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங். அழுத்தியதும் நின்றுபோனால் கியர் பாக்ஸ் பக்கம். மூன்றாவது, ஏ.சி.யைப் போட்டு அணையுங்கள். சத்தம் அதோடு வந்து போனால் கம்ப்ரஸர் அல்லது பெல்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்துவதும் பெல்ட்தான்.

நான்காவது, வண்டி ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடியுங்கள். 'கடக் கடக்' என்று எண்ணும்படி வந்தால் முன்சக்கர ஓட்டத்தின் ஜாயின்ட். ஹெரால்டில் பின்னால் வந்த தட்டு, மாருதி காலத்தில் முன்னால் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக ஓடும்போது 'ஊ...' என்று ஒரு முனகல் வந்து, வளைவில் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங்.

நடுக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 12 அங்குலச் சக்கரம் போட்ட சின்னக் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 தடவை சுற்றும். அதே வேகத்தில் கியரை மாற்றினாலும் நடுக்கம் மாறவில்லை என்றால், அது சக்கரத்திலிருந்து வருகிறது. வீல் பேலன்ஸ் பார்க்க வேண்டும். கியரை மாற்றியதும் நடுக்கமும் மாறினால் இன்ஜினிலிருந்து வருகிறது.

ஒரு எச்சரிக்கை. வேட்டியும் தோளில் துண்டுமாக, ஓடும் இன்ஜின்மேல் குனியாதீர்கள். இன்றைய கார்களில் ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது. சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். அந்தக்கால மெக்கானிக்குகள் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அதைச் செய்யாதீர்கள். ஷாக்கும் பலமாக அடிக்கும், வண்டியின் பாகமும் கெடும்.

உப்புக் காற்றும் குறைந்த ஓட்டமும்

நம் கடற்கரைப் பக்கத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு. கோவளத்திலும் கேளம்பாக்கத்திலும் உப்பளம் இருக்கிறது. உப்புக் காற்று சைலன்சரை வெளியிலிருந்து அரிக்கும். உள்ளிருந்தும் அரிப்பு வரும். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் அது வெளியே போய்விடும். கோயிலுக்கும் கடைக்கும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் சைலன்சருக்குள்ளேயே தங்கித் துருவாக்கும். 'பட பட' என்று திடீரெனச் சத்தம் பெரிதானால் பெரும்பாலும் சைலன்சர் ஓட்டைதான். இன்ஜின் போய்விட்டதோ என்று கலங்க வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். ஓட்டை வழியாக விஷவாயு வண்டிக்குள் வரலாம். வாரம் ஒருமுறையாவது மாமல்லபுரம் வரை ஒரு நடை ஓட்டிவருவது வண்டிக்கு நல்லது.

சத்தமே போடாத நோயும் ஒன்று உண்டு. ஹெரால்டில் கேம் தண்டைச் சுற்றியது செயின். தளர்ந்தால் முன்னால் 'சலசல' என்று கேட்டுவிடும். மாருதி 800 போன்ற பல சின்னக் கார்களில் அந்த இடத்தில் டைமிங் பெல்ட் வந்தது. பெல்ட் பெரும்பாலும் எச்சரிக்காமலே அறுந்துவிடும். சில இன்ஜின்களில் அறுந்தால் வால்வுகளும் வளைந்துபோகும். கையேட்டில் சொல்லியிருக்கும் கிலோமீட்டரிலோ வருஷத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும்.

கம்ப்யூட்டரின் காது

1880-இல் பாரிஸில் பியேர் கியூரியும் அண்ணன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இன்றைய கார் இன்ஜின்களில் 'நாக் சென்சார்' என்று ஒரு சின்ன வில்லை இருக்கிறது. பிங்கிங்கின் அதிர்வு பட்டதும் அதிலிருந்து மின்சாரம் பிறக்கும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு உடனே இக்னிஷனைத் திருத்திவிடும். நம் காதுக்கு வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. நம் நாட்டில் 2010-லிருந்து படிப்படியாக, தன் கோளாறைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடும் கார்களில் கட்டாயமானது. ஸ்கேனரைச் செருகினால் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

நல்லதுதான். ஆனால் கிழிந்த ரப்பர், துருப்பிடித்த சைலன்சர், தேய்ந்த சக்கர பேரிங் ஆகியவற்றைச் சாதாரணமாக ஸ்கேனர் காட்டாது. "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரல சார்" என்று சொன்னால், வண்டியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது. அந்த இடத்தில் பழைய காது இன்னும் தேவைப்படுகிறது.

2010-இல் நம் பக்கத்து ஒரகடத்தில் பிரெஞ்சு நிறுவனமான ரெனோவும் நிசானும் சேர்ந்து தொழிற்சாலை திறந்தன. 2015-இல் அங்கிருந்து வந்த க்விட் காரின் இன்ஜின் 799 சிசி, மறுபடியும் மூன்று சிலிண்டர். வண்டலூரில் 948 சிசி நான்கு சிலிண்டரில் ஓடிய சின்னக் கார், ஒரகடத்தில் இப்படி வந்து நிற்கிறது. அந்தக் கார்களுக்கும் இப்போது வயதாகத் தொடங்கிவிட்டது. அவற்றின் ரப்பரும் இறுகும் காலம் இது.

எனவே உங்களுக்கு ஒரு குமாஸ்தாவின் யோசனை. வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருநாள் ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, அரைமணி நேரம் ஓட்டி அதன் இயல்பான சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். புதிதாக எது கேட்டாலும் தேதி, கிலோமீட்டர், இன்ஜின் குளிர்ந்திருந்ததா சூடா, எந்த கியர், என்ன வேகம், ஏ.சி. ஓடியதா என்று எழுதுங்கள். பட்டறைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். "என்னவோ சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுப்பவருக்கு ஒரு எஸ்டிமேட் வரும். நோட்டைக் காட்டிப் பேசுபவருக்கு வேறு எஸ்டிமேட் வரும்.